கள்ளி வேறு, காக்டஸ் வேறு!



ஆண்டு மலர் என்றால் கவிதை இருக்கும், நட்பைப் பற்றி நாலு பக்கம் இருக்கும், ‘இளைஞனே எழுந்து வா’ இருக்கும். நான் எழுத வந்திருப்பதோ முள்ளைப் பற்றி! சிரிக்காதீர்கள். உள்ளங்கைக்குள் அடங்கும் ஒரு சின்னச் செடி. அதன் மேல் தங்க நிறத்தில், செம்பு நிறத்தில், பஞ்சு போன்ற வெள்ளையில் முள். அந்த முள்ளுக்கு நடுவே ஒரு நாள் காலையில் பார்த்தால் ரோஸ் நிறத்தில் கிரீடம் மாதிரி ஒரு பூ வளையம். நர்சரியில் ‘காக்டஸ்’ என்று சொல்லி விற்கிறார்களே, அதுதான். இப்போது ஹாஸ்டல் ஜன்னல், செல்போன் கடை மேஜை, டாக்டர் கிளினிக் என்று எங்கு பார்த்தாலும் இருக்கிறது. ஆனால் வாங்கிப் போன செடிகளில் ஒரு ஐப்பசி மழையைத் தாண்டுவது கொஞ்சம்தான். பாசமாகத் தண்ணீர் ஊற்றியே கொன்றுவிடுகிறார்கள். அது என்ன செடி, எந்த ஊர்ச் செடி என்று தெரிந்தால் அது பிழைக்கும். அதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

என்னைப் பற்றி ஒரு வரி. ஊர் ஸ்ரீவில்லிபுத்தூர், படிப்பது சிவில் இரண்டாம் ஆண்டு. அம்மாவுக்கு பேண்டேஜ் துணிக் கம்பெனியில் வேலை, அப்பா லோடுமேன். எங்கள் வீட்டில் பத்தாவதைத் தாண்டிய முதல் ஆள் நான்தான். எட்டாம் வகுப்பில் எங்கள் அறிவியல் டீச்சர் கோலிக்குண்டு அளவில் ஒரு காக்டஸ் குட்டியைக் கையில் கொடுத்தார். இன்று எங்கள் வீட்டு மொட்டை மாடியில் நாற்பது தொட்டி இருக்கிறது. குட்டி விற்ற காசில்தான் ரெக்கார்டு நோட்டும் டிராயிங் ஷீட்டும் வாங்குகிறேன். ஆகவே இது எனக்குப் பொழுதுபோக்கு மட்டும் அல்ல.

பெயரால் வந்த குழப்பம்

நாம் முள் உள்ள சதைப்பற்றான செடி எதைப் பார்த்தாலும் ‘கள்ளி’ என்று சொல்லிவிடுகிறோம். உண்மையில் நம் கண்ணில் படும் கள்ளிகள் இரண்டு வேறு வேறு குடும்பங்களைச் சேர்ந்தவை.

சதுரக்கள்ளி, கொம்புக்கள்ளி இவையெல்லாம் ‘யூஃபோர்பியா’ இனம். ஆமணக்குக்கும் மரவள்ளிக்கும் சொந்தக்காரர்கள். சங்கப் பாடல்களில் பாலை நிலத்தில் வருகிற கள்ளி இந்த வகைதான். திருக்கள்ளி என்ற நம் பக்கத்துப் பெயரை லின்னேயஸ் 1753-இல் அப்படியே எடுத்து ‘யூஃபோர்பியா திருக்கள்ளி’ என்று தாவரவியல் பெயராகவே வைத்துவிட்டார் என்றால் பாருங்களேன்!

காக்டஸ் குடும்பம் வேறு. சுமார் ஆயிரத்து ஐந்நூறுக்கும் மேற்பட்ட இனங்கள். அத்தனைக்கும் சொந்த ஊர் அமெரிக்கக் கண்டங்கள். ஒரே ஒரு விதிவிலக்கு, மரத்தில் தொற்றி வளரும் ‘ரிப்சாலிஸ்’ என்ற முள்ளில்லாத காக்டஸ். அது ஆப்பிரிக்காவிலும் இலங்கையிலும் இயற்கையாகவே இருக்கிறது. இந்தியாவில் இயற்கையாகத் தோன்றிய காக்டஸ் ஒன்றுகூட இல்லை. கரிசல் காட்டு வேலியில் நிற்கிற சப்பாத்திக்கள்ளிகூட, 1492-இல் கொலம்பஸ் அமெரிக்கா போய்ச் சேர்ந்த பிறகு கப்பலேறி வந்த செடிதான். அது காக்டஸ். அதன் பக்கத்தில் நிற்கும் சதுரக்கள்ளி காக்டஸ் இல்லை!

அப்படியானால் இரண்டும் ஏன் ஒரே மாதிரி இருக்கின்றன? கஷ்டம் ஒன்று என்பதால். தண்ணீர் இல்லாத இடத்தில் பிழைக்க வேண்டும் என்ற ஒரே கணக்குக்கு, இரண்டு குடும்பங்கள் தனித்தனியாக உட்கார்ந்து போட்டு ஒரே விடையைக் கண்டுபிடித்திருக்கின்றன. அவ்வளவுதான்.

அடையாளம் காண்பது எப்படி?

உடைத்தால் பால் வந்தால் யூஃபோர்பியா, தண்ணீர் வந்தால் காக்டஸ் என்று சொல்வார்கள். பெரும்பாலும் சரி. ஆனால் ‘மம்மில்லேரியா’ என்ற காக்டஸ் வகையில் சில இனங்களுக்குப் பால் உண்டு. ஆகவே நம்பகமான அடையாளம் வேறு. முள் முளைக்கும் இடத்தை உற்றுப் பாருங்கள். காக்டஸில் ஒவ்வொரு முள் கொத்துக்கும் அடியில் குட்டியூண்டு பஞ்சு மெத்தை இருக்கும். இதற்கு ‘ஏரியோல்’ என்று பெயர். முள், கிளை, பூ பெரும்பாலும் எல்லாமே அதிலிருந்துதான் வரும். யூஃபோர்பியாவில் இந்தப் பஞ்சு மெத்தை கிடையாது. முள் நேராகத் தோலிலிருந்தே வரும், பல இனங்களில் ஜோடி ஜோடியாக இருக்கும். லென்ஸ் இருந்தால் நல்லது, இல்லாவிட்டால் செல்போன் கேமராவே போதும்.

இந்த வித்தியாசம் தெரிவது எங்கள் வீட்டில் பெரிய விஷயமாக இருந்தது. நான் முதல் தொட்டியைக் கொண்டுவந்தபோது எங்க அப்பத்தா, “கள்ளியக் கொண்டாந்து வீட்டுக்குள்ள வைக்கிறியேடி, வெளங்குமா?” என்று ஒரே சத்தம். முள் செடி ஆகாது என்பதற்காக மட்டும் அல்ல. அப்பத்தாவின் காலத்து ஆட்களுக்குக் கள்ளி என்றால் கள்ளிப்பால்தான் ஞாபகம். உசிலம்பட்டிப் பக்கம் பெண் சிசுக்கொலை நடந்ததை 1980களில் பத்திரிகைகள் எழுதின. 1992-இல் தமிழக அரசு தொட்டில் குழந்தைத் திட்டம் கொண்டுவந்தது. அந்தச் செய்திகளில் எருக்கம்பாலும் கள்ளிப்பாலும் திரும்பத் திரும்ப வந்தன. ஒரு செடியின் பெயரே இப்படிக் கறைபட்டுப் போனது, செடி செய்த குற்றம் அல்ல. மனிதர்கள் செய்தது.

நான் அப்பத்தாவிடம் விவாதம் செய்யவில்லை. ஒரு சப்பாத்திக்கள்ளித் துண்டை நறுக்கிக் காட்டினேன். “பாலு எங்க?” என்றது அப்பத்தா. “இதுல பாலே கெடையாது அப்பத்தா, வெறும் தண்ணியும் வழுவழுப்பும்தான். அது வேற கள்ளி, இது வேற” என்றேன். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, “அப்ப இருந்துட்டுப் போகட்டும்” என்று சொல்லிவிட்டது. பெண்பிள்ளை படித்து என்ன செய்யப்போகிறது என்று கேட்ட அதே அப்பத்தாதான்.

ஒரு எச்சரிக்கை. சதுரக்கள்ளி, கொம்புக்கள்ளியின் பால் கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து, தோலையும் புண்ணாக்கும். நர்சரியில் யூஃபோர்பியாவையும் சேர்த்துக் ‘காக்டஸ்’ என்றுதான் விற்பார்கள். ஏரியோல் இல்லாத செடியை வெட்டும்போது கையுறை போடுங்கள், கையைக் கழுவாமல் கண்ணைத் தொடாதீர்கள்.

டிப்ளமோ மாணவர் கண்ணில் காக்டஸ்

இனி நம் பாடத்துக்கு வருவோம். உருண்டைக் காக்டஸ் ஏன் உருண்டையாக இருக்கிறது? ஒரு கணக்குப் போடுவோம். 1000 கன செ.மீ. கொள்ளளவு உள்ள பொருளை எடுத்துக்கொள்ளுங்கள். அதையே 1 மி.மீ. தடிமன் உள்ள இலையாகத் தட்டி விரித்தால் இரண்டு பக்கமும் சேர்த்து 20,000 சதுர செ.மீ. பரப்பு வரும். 10 செ.மீ. கனசதுரமாகச் செய்தால் 600 சதுர செ.மீ. உருண்டையாக உருட்டினால் சுமார் 484 சதுர செ.மீ. மட்டுமே. பரப்புக் குறைந்தால் ஆவியாகும் தண்ணீரும் குறையும். இலையைவிட நாற்பது மடங்கு சிக்கனம். இதற்காகத்தான் காக்டஸ் இலையை விட்டுவிட்டு உடம்பையே பச்சையாக்கிக்கொண்டது. இலை இருக்க வேண்டிய இடத்தில் முள்.

அடுத்து, உடம்பில் மேலிருந்து கீழே ஓடும் மேடு பள்ளங்கள். ஹார்மோனியத்தின் துருத்தியை நினைத்துக்கொள்ளுங்கள். மழை பெய்தால் மடிப்பு விரிந்து தண்ணீரை வாங்கிக்கொள்ளும், காய்ந்தால் சுருங்கும், தோல் கிழியாது. எக்ஸ்பான்ஷன் ஜாயின்ட் இல்லாத கான்கிரீட் என்ன ஆகும் என்று சிவில் மாணவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

முள் ஆடு மாடு கடிக்காமல் இருக்க மட்டும் என்று நினைக்கிறோம். அடர்த்தியான முள் ஒரு பந்தல் போல வெயிலை மறைக்கிறது. காற்று தோலை நேராக உரசாமல் தடுக்கிறது. சில இனங்களில் பனித்துளியைக்கூடப் பிடிக்கிறது. முயல் காது போல இருக்கும் ‘ஒபுன்ஷியா மைக்ரோடேசிஸ்’ என்ற காக்டஸின் முள், மூடுபனியிலிருந்து நீரைச் சேர்த்து அடிப்பகுதிக்கு உருட்டிக்கொண்டு வருவதைச் சீன ஆய்வாளர்கள் 2012-இல் விளக்கினார்கள். (அந்தச் செடியைச் சின்னப் பிள்ளைகள் உள்ள வீட்டில் வைக்காதீர்கள். தூள் தூளாக முள் கையில் ஏறும், பிடுங்குவது பெரும்பாடு.)

இரவில் மூச்சு விடும் செடி

சாதாரணச் செடிகள் பகலில் இலைத்துளையைத் திறந்து கரியமில வாயுவை வாங்கும். திறந்தால் தண்ணீர் ஆவியாகப் போகும். காக்டஸ் என்ன செய்கிறது? பகல் முழுக்கக் கதவைச் சாத்திக்கொண்டு, குளிர்ந்த இரவில் திறக்கிறது. வாங்கிய வாயுவை ‘மாலிக் அமில’மாக மாற்றிச் சேர்த்துவைக்கிறது. விடிந்ததும் கதவை மூடிவிட்டு, அந்த இருப்பை எடுத்து வெயிலில் உணவு சமைக்கிறது. இதற்கு ‘காம்’ முறை என்று பெயர்.

இதற்கு ஒரு பழைய தடயம் கிடைத்தது நம் நாட்டில் என்றால் நம்புவீர்களா? தரங்கம்பாடிக்கு மிஷனரியாக வந்து, பிறகு மதராஸ் மாகாணத்தில் கம்பெனி அரசின் தாவரவியலாளராக இருந்த பெஞ்சமின் ஹெய்னே, நம் வீட்டு ரணகள்ளி இலையைத் தின்று பார்த்தார். காலையில் புளிப்பு, நடுப்பகலில் சுவையே இல்லை, சாயங்காலம் லேசான கசப்பு! இதை 1813-இல் லண்டன் லின்னேயன் சங்கத்துக்குக் கடிதமாக எழுதினார். இரவில் சேர்ந்த அமிலம்தான் காலைப் புளிப்பு. ரணகள்ளி காக்டஸ் இல்லை, ஆனாலும் தந்திரம் ஒன்றே.

இதில் நமக்கு ஒரு பாடம் இருக்கிறது. இந்தச் செடிக்கு இரவு குளிர்ச்சி தேவை. ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பக்கம் சித்திரை, வைகாசியில் ராத்திரியும் புழுங்கும். அப்போது காக்டஸ் பெரும்பாலும் வளராமல் சும்மா இருக்கும். வளரவில்லையே என்று தண்ணீரைக் கூட்டினால் வேர் அழுகும். அது செத்துவிடவில்லை, கதவைச் சாத்திக்கொண்டு காத்திருக்கிறது. அவ்வளவுதான்.

நிறமுள், பூமுள்: எதை வாங்கலாம்?

மம்மில்லேரியா: பெரும்பாலும் மெக்சிகோ நாட்டுக்காரர். மேடு பள்ளமாக இல்லாமல் உடம்பெங்கும் சின்னச் சின்ன முகடுகள். பூக்கள் தலையைச் சுற்றி வளையமாக வரும். பிறகு சிவப்பு மிளகாய் மாதிரி காய் நீட்டும். விரல் விரலாகத் தங்க முள்ளோடு வளரும் ‘எலாங்கேட்டா’, பாட்டி தலைமுடி போல் நரைத்த ‘ஹானியானா’ இரண்டும் இதில் பிரபலம். நம் ஊர் வெயிலுக்குத் தாக்குப்பிடிக்கும். புதிதாகத் தொடங்குபவர்களுக்கு இதுதான் நல்லது.

பரோடியா: தென் அமெரிக்கா. முள்ளின் நிறத்துக்காகவே வளர்க்கப்படுவது. ‘லெனிங்ஹவ்சி’ தங்கத் தூண் போல நிற்கும், ‘ஹாசல்பெர்கி’ வெள்ளை முள் போர்த்தித் தலையில் செம்மஞ்சள் பூவை வைத்துக்கொள்ளும். இரண்டும் தென் பிரேசில் பாறைகளில் வளர்பவை. உச்சிவெயில் நேராகப் படக்கூடாது.

ரெபூட்டியா: பொலிவியா, அர்ஜென்டினா மலைக்காரர். செடியை மறைக்கும் அளவுக்குப் பூக்கும். ஆனால் கொடைக்கானலில் சந்தோஷமாக இருப்பது ஸ்ரீவில்லிபுத்தூரில் மூச்சுத் திணறும். படத்தைப் பார்த்து மயங்கி வாங்காதீர்கள்.

ஜிம்னோகாலிசியம்: நிழல் பொறுக்கும், பூ பெரிது. ஜன்னலோரத்துக்கு ஏற்றது.

சிவப்பு, மஞ்சள் உருண்டை பச்சைத் தண்டின் மேல் உட்கார்ந்திருக்குமே, அது ஒட்டுச் செடி. மேலே இருப்பது பச்சையமே இல்லாத ஜிம்னோகாலிசியம். 1941-இல் ஜப்பானில் வாத்தனாபே என்ற நர்சரிக்காரர் விதைத்த நாற்றுகளில் அப்படிச் சிவப்பாகச் சில முளைத்தன. சொந்தமாக உணவு சமைக்க முடியாது என்பதால் தானாக வளர்ந்தால் செத்துப்போகும். டிராகன் ஃபுரூட் இனத் தண்டின் மேல் ஒட்டினால் பிழைக்கும். கீழே இருப்பவர் உழைக்க, மேலே இருப்பவர் ஜொலிக்கிறார்! இரண்டும் ஒத்துப்போவது சில வருஷம்தான். வாங்கும்போது இது தெரிந்திருக்க வேண்டும்.

இன்னொன்று அப்பட்டமான ஏமாற்று. காய்ந்த காகிதப்பூவைச் சூடான பசை வைத்து உச்சியில் ஒட்டிவிடுவார்கள். முள்ளுக்கு நீலம், ஊதா பெயின்ட் அடிப்பார்கள். கண்டுபிடிப்பது சுலபம். உண்மைப் பூ சில நாளில் வாடும், பல இனங்களில் மாலையில் மூடி மறுநாள் விரியும். மாதக்கணக்கில் விரிந்தே இருந்தால் அது பசைப்பூ. பெயின்ட் அடித்த செடியில் உச்சியில் வரும் புது முள் வேறு நிறமாக இருக்கும். பெயின்ட் தோலில் பட்டால் வெளிச்சமும் காற்றும் தடைபட்டுச் செடி நலியும். அதற்குப் போய் நூற்றைம்பது ரூபாய் கொடுக்கலாமா?

நம்ம ஊரில் வளர்க்கும் முறை

மண்: கரிசல் மண் கூடவே கூடாது. ஈரத்தில் உப்பிக்கொண்டு தண்ணீரை விடாது. செம்மண் ஒரு பங்கு, தூசு சலித்த மணலும் செங்கல் பொடிக்கல்லும் சேர்ந்து இரண்டு பங்கு, மண்புழு உரம் அரைப் பங்கு, கொஞ்சம் அடுப்புக்கரித் துண்டு. சாய்ந்த கட்டடத்தின் உடைசல் செங்கல் சும்மாவே கிடைக்கும்.

தொட்டி: அடியில் ஓட்டை கட்டாயம். மண் தொட்டி உத்தமம். செடியைவிட இரண்டு விரல் அகலம் போதும்.

தண்ணீர்: ஈர்க்குச்சியைத் தொட்டியின் அடிவரை குத்தி, பத்து நிமிஷம் கழித்து எடுங்கள். ஈரம் ஒட்டினால் ஊற்றாதீர்கள். உலர்ந்திருந்தால் அடியில் வழியும்வரை ஊற்றுங்கள். தினமும் ஒரு மூடி என்று தெளிப்பது இரண்டும் கெட்டான்.

மழை: ஐப்பசி, கார்த்திகை மழை நேராக விழாமல் மேலே கண்ணாடிச் சீட்டு. மார்கழியில் தண்ணீரை நன்றாகக் குறையுங்கள். அந்தக் குளிரும் காய்ச்சலும்தான் பல இனங்களைப் பூக்கத் தூண்டும். பொங்கல் முடிந்து மெல்ல மெல்லத் தண்ணீரைக் கூட்டுங்கள்.

வெயில்: காலை வெயில் தேன். கோடையில் பதினோரு மணிக்கு மேல் பச்சை நிழல்வலை.

பூச்சி: வெள்ளையாக மாவுப்பூச்சி ஒட்டினால் ஸ்பிரிட்டில் தோய்த்த பஞ்சால் ஒற்றி எடுங்கள். பஞ்சுக்கு நம்ம ஊரில் பஞ்சமா?

பூச்சி என்றதும் ஒரு சரித்திரம் சொல்ல வேண்டும். மாவுப்பூச்சிக்கு உறவான ‘கோச்சினீல்’ பூச்சி சப்பாத்திக்கள்ளியை உறிஞ்சி வாழும், நசுக்கினால் இரத்தச் சிவப்புச் சாயம் தரும். அந்தச் சாய வியாபார ஆசையில் டாக்டர் ஜேம்ஸ் ஆண்டர்சன் சென்னை சைதாப்பேட்டையில் கள்ளித் தோட்டமே போட்டார். 1795-இல் பிரேசிலிலிருந்து பூச்சியும் கல்கத்தாவுக்கு வந்தது. ஆனால் வந்தது மட்டமான சாயம் தரும் வேறு இனம். சாயம் கிடைக்கவில்லை, அது ஒரு வகைக் கள்ளியைத் தின்று தீர்த்தது. பிற்பாடு வேறொரு சப்பாத்திக்கள்ளி காடு மேடெல்லாம் பரவி விவசாயிகளை வாட்டியபோது, இன்னொரு கோச்சினீல் இனத்தை இலங்கை வழியாக 1926-இல் இந்தியாவுக்குக் கொண்டுவந்து விட்டார்கள். பூச்சியை வைத்துக் களையை ஒழித்த உலகின் ஆரம்பகால உதாரணங்களில் இதுவும் ஒன்று. வெளியூர்ச் செடியைத் தொட்டியில் வளர்க்கலாம், காட்டில் வீசக்கூடாது என்பதற்கு இதைவிடப் பாடம் வேண்டாம்.

கடைசியாக ஒரு வேண்டுகோள்

ஆசை அளவு மீறினால் திருட்டு வரும். சிலி நாட்டுப் பாலைவனத்திலிருந்து பிடுங்கிக் கடத்தப்பட்ட ஆயிரத்துக்கும் மேற்பட்ட காக்டஸ்களை இத்தாலிப் போலீஸ் 2020-இல் ஒரு வீட்டில் கைப்பற்றியது. எண்ணூறுக்கும் மேற்பட்டவை 2021-இல் சொந்த நாட்டுக்கே திருப்பி அனுப்பப்பட்டன. காக்டஸ் இனங்கள் ஏறக்குறைய அனைத்துக்கும் ‘சைட்டிஸ்’ என்ற சர்வதேச ஒப்பந்தத்தின் பாதுகாப்பு உண்டு. நர்சரியில் விதையிலும் குட்டியிலும் வளர்த்ததை மட்டும் வாங்குவோம். மேற்கு வங்கத்துக் காலிம்போங் நர்சரிகள் அப்படி வளர்த்தே பேர் வாங்கியவை. அரியானாவில் பஞ்ச்குலாவில் 1987-இல் தொடங்கிய தேசிய காக்டஸ் தோட்டம் ஏழு ஏக்கரில் இருக்கிறது. நம் பக்கம் செண்பகத்தோப்பு மலையடிவாரத்துக்குப் போனால், பாறையில் இருக்கும் கல்முளையான் போன்ற சதைப்பற்றுச் செடிகளைப் பிடுங்காமல் படம் மட்டும் எடுத்து வாருங்கள். அது 2021 முதல் புலிகள் காப்பகப் பகுதி. சட்டம் இல்லாவிட்டாலும் அது அதன் வீடு.

தண்ணீர் குறைவாகக் கிடைத்த இடத்தில் நின்று, இருப்பதைச் சேமித்து, நேரம் வரும்போது பூக்கிற செடி இது. இதற்கு மேல் நான் தத்துவம் பேசினால் நீங்கள் பக்கத்தைத் திருப்பிவிடுவீர்கள்! மம்மில்லேரியா குட்டி வேண்டுவோர் சிவில் இரண்டாம் ஆண்டு வகுப்புக்கு வரலாம். செடியோடு ஒரு ஈர்க்குச்சியும் தருவேன். ஈர்க்குச்சி இலவசம்.